மாரியும் தெள்ளும்: வன்னி மண்ணின் ஒரு சிறு வரலாறு

முதலில் சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் 'தெள்ளு' என்று சொன்னால் தமிழகத்து வாசகர்கள் சிலர் உண்ணியை நினைத்துக்கொள்கிறார்கள். உண்ணி வேறு. அது எட்டுக் காலில் ஊர்ந்து, தோலில் தலையைப் புதைத்து, நாட்கணக்கில் தொங்கிக் கிடப்பது. தெள்ளுக்குக் கால்கள் ஆறு; சிறகு இல்லை; ஊர்வதைவிடப் பாய்வதே அதன் தொழில். நாயின் வயிற்றுப் புறத்து மயிரை விலக்கிப் பார்த்தால் கடுகு மணியளவில் கபில நிறத்தில் ஓடி மறையும். தமிழகத்தில் தெள்ளுப்பூச்சி என்பார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முல்லைத்தீவுக் கரையோரத்தில், குறிப்பாக நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில், நாய் வளர்க்கின்ற எவரைக் கேட்டாலும் ஒரே விடயத்தைச் சொல்வார்கள். மாரி முடிந்து தை பிறந்தால் தெள்ளு பெருகும். கச்சான் காற்று எழுந்து மணல் காய்ந்தால் அடங்கும். இதைச் சொல்வதற்கு அவர்களுக்குப் பூச்சியியல் தேவைப்படவில்லை. ஆயினும் பூச்சியியல் சொல்வதையும் கேட்டுவிடுவது நல்லது. ஏனெனில் இந்த அற்பப் பிராணியின் பின்னே போனால் நமது வரலாற்றின் சில மூலைகள் வெளிச்சமாகின்றன.

நாயில் நாம் காணும் தெள்ளு முழுக் குடும்பத்தின் ஒரு சிறு பகுதி மட்டுமே. பெண் தெள்ளு உச்ச நிலையில் ஒரு நாளைக்கு 40 முட்டைகள் வரை இடும். அம்முட்டைகள் நாயின் உடலில் ஒட்டுவதில்லை. நாய் படுக்கும் இடத்தில், உதறும் இடத்தில், நடக்கும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. பொரிக்கும் புழு மண்ணிலேயே வாழ்கிறது. தாய்த் தெள்ளு கழித்த காய்ந்த இரத்தத் துகள்களே அதன் முக்கிய உணவு. பின்னர் பட்டுக்கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டின் மேற்புறம் பசைத்தன்மை கொண்டது என்பதால் மணற்துகள்கள் ஒட்டி, மணலோடு மணலாகிவிடும். ஆகவே தெள்ளின் வாழ்வில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது நாயின் உடம்பு அல்ல, மண்ணின் ஈரமும் வெப்பமுமே.

புழுவுக்கு ஏற்ற நிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 முதல் 80 வீத ஈரப்பதனும். ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போனால் புழு வரண்டு சாகும். வெப்பம் 35 பாகையைத் தாண்டினாலும் தப்புவது அரிது. நல்ல காலநிலையில் முட்டையிலிருந்து முழுத் தெள்ளு வர மூன்று நான்கு வாரங்கள் போதும். குளிரில் அதே பயணம் மாதக்கணக்கில் நீளும்.

இப்போது வன்னியின் பஞ்சாங்கத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். இலங்கையின் வறண்ட வலயம் என்பது ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழை பெறும் நிலம். வன்னி முழுவதும் அதற்குள் அடங்குகிறது. அந்த மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். மாரி ஓய்ந்த தையிலும் மாசியிலும் மண்ணுக்குள் ஈரம் இருக்கும், வெயிலுக்குக் கடுமை இராது. தெள்ளுப் புழு வேண்டிக் கேட்டாலும் இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. வைகாசிக்குப் பிறகு வீசும் கச்சானோ நிலத்தைக் கடந்து, வழியெல்லாம் சூடேறி, கிழக்குக் கரைக்கு வந்து சேரும் உலர்காற்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த வெக்கை எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெறும் மணலில் பகல் வேளையில் கால் வைக்க முடியாது. வெயில் படும் மணலில் தெள்ளுப் புழு ஒரு பொழுதும் தாங்காது. ஆனால் தென்னையின் அடியில், தாழம்பற்றையின் நிழலில், படகின் கீழே, வீட்டுத் திண்ணையின் ஓரத்தில் கடற்காற்றின் ஈரம் எஞ்சியிருக்கும். நாயும் அந்த நிழலைத்தான் தேடிப் போகிறது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து உள்நிலத்தைவிடக் கரையோரத்தில் தெள்ளு கோடையிலும் முற்றாக ஒழியாமல் இருப்பதற்கு இதுவே காரணமாகலாம் என்பது என் கணிப்பு.

நாய்த்தெள்ளு என்று நாம் சொல்வதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பூச்சியியலாளர்கள் நாயின் பெயரால் அழைக்கும் இனம் குளிர்ப் பிரதேசங்களில்தான் கூடுதலாக வாழ்கிறது. வெப்ப நாடுகளின் நாய்களில் பெரும்பாலும் இருப்பது பூனையின் பெயரால் அழைக்கப்படும் தெள்ளும், இந்தியா தொடக்கம் தென்கிழக்காசியா வரை பரவியிருக்கும் அதன் நெருங்கிய உறவான கீழைத்தேய இனமும். எந்தத் தெள்ளு எந்த நாட்டில் எந்த விலங்கில் ஏறும் என்பதைக்கூடக் காலநிலைதான் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பங்கீட்டால் ஒரு நாடே தப்பிய கதையொன்று நம்மிடம் இருக்கிறது. அது நாய்த்தெள்ளின் கதையல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரமான எலித்தெள்ளின் கதை.

1896 ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. அது எலியிலிருந்து மனிதனுக்குத் தெள்ளு மூலம் பரவுகிறது என்பதை 1898 இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் போல்-லூயி சீமோன் பரிசோதித்துக் காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. பின்னர் இந்தியாவில் நடந்த பிளேக் ஆணைக்குழுவின் ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. அந்த ஆய்வாளர்கள் கவனித்த இன்னொரு விடயம், சராசரி வெப்பம் 85 பாகை பரன்ஹைற்றைத் தாண்டும் மாதங்களில் பிளேக் தானாகவே தணிந்துவிடுகிறது என்பது. 1914 இல் இலண்டனில் பக்கொட், மார்ட்டின் என்ற இருவர் இதன் உள்விவரத்தைக் கண்டார்கள். பிளேக் கிருமி தெள்ளின் இரைப்பை வாயிலில் பெருகி அடைப்பை உண்டாக்குகிறது. அடைபட்ட தெள்ளு பசி தாங்காமல் திரும்பத் திரும்பக் கடிக்கிறது. உறிஞ்சிய இரத்தம் உள்ளே போகாமல் கிருமியோடு கடிவாயிலேயே திரும்புகிறது. சூடான உலர்ந்த காற்றில் இந்த அடைபட்ட தெள்ளு தாகத்தால் விரைந்து இறந்துவிடும். (இந்தப் பக்கொட் 1922 இல் கெய்ரோவில் தைபஸ் நோயை ஆராயப் போய் அதே நோயால் இறந்தார். தெள்ளுக்கும் பேனுக்கும் உயிர் கொடுத்த விஞ்ஞானிகளின் பட்டியல் நீளமானது.) 1917 இல் புரூக்ஸ் என்பவர் இந்தியப் பிளேக் கணக்குகளை ஆராய்ந்து, வெப்பம் மட்டுமல்ல, காற்றின் வரட்சியும் சேர்ந்தே நோயின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கிறது என்று எழுதினார்.

1914 இல் பிளேக் கொழும்புக்கு வந்தது. அப்போது அங்கே மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராக இருந்தவர் பேபியன் ஹேர்ஸ்ட். எலிகளைப் பிடித்து, சீவி, தெள்ளுகளைப் பிரித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்தவர். உலகில் எலித்தெள்ளு எல்லாம் ஒன்றே என்று கருதப்பட்டிருந்த நாட்களில், கொழும்பு எலிகளில் பெரும்பான்மையாக இருப்பது வேறோர் இனம் என்பதை அவர் கண்டார். பம்பாயைச் சூறையாடியது கியோப்பிஸ் என்ற தெள்ளு. எகிப்திய மன்னன் கியோப்சின் பெயரைச் சூட்டியவர் தெள்ளு சேகரிப்பதில் பித்துப் பிடித்திருந்த வங்கிக் குடும்பத்துச் சார்ள்ஸ் றொத்ஸ்சைல்ட். கொழும்பிலே நிறைந்திருந்ததோ அஸ்ரியா என்ற இனம். அது சூட்டைத் தாங்கும், ஆனால் பிளேக்கைக் கடத்துவதில் மந்தமானது. சென்னை நகரத்து எலிகளிலும் அஸ்ரியாவே மிகுதி. பம்பாய் அழிந்த அளவுக்குச் சென்னை அழியாமல் தப்பியதன் இரகசியம் இதில் இருந்தது. அதே மாகாணத்தில், பாலக்காட்டுக் கணவாயின் குளிர்காற்று வரும் கோயம்புத்தூரோ பிளேக்கிடம் கடுமையாக அடிபட்டது. அங்கே இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன.

கொழும்பிலும் கியோப்பிஸ் இல்லாமலில்லை. புறக்கோட்டையின் தானியக் களஞ்சியங்களைச் சுற்றியே அது குடியிருந்தது. சாக்கு மூடைகளோடு கப்பலில் வந்து இறங்கியது. பிளேக்கும் அந்த வட்டாரத்தைச் சுற்றியே வலம்வந்தது. ஹேர்ஸ்ட் தமது நெடுநாளைய ஆய்வை 1953 இல் 'பிளேக்கை வென்றமை' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாக்கினார். இலங்கைத் தமிழில் இந்த மனிதரைப் பற்றி ஒரு பத்திகூட என் கண்ணில் பட்டதில்லை.

இந்தக் கதை வன்னியைத் தொடாமல் போகவில்லை. மலையகத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை வரை கால்நடையாகப் போனார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அந்தப் பாதை நெடுக விழுந்தவர்கள் எத்தனையோ பேர். இந்தியாவில் பிளேக் பரவியதும், 1899 இல் அந்த வடபாதையை அரசு மூடியது. பாதையில் செத்த மனிதருக்காக மூடப்படாத வழி, தெள்ளுக்குப் பயந்து மூடப்பட்டது என்று சொன்னால் அது வெறும் வார்த்தை விளையாட்டல்ல. பின்னர் தூத்துக்குடி வழியும், அங்கே தட்டப்பாறை முகாமும் வந்தன. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் மண்டபத்தில் இலங்கை அரசின் தனிமைப்படுத்தல் முகாம் இயங்கியது. கடலைக் கடக்குமுன் தொழிலாளரைத் தடுத்து வைத்து, உடலையும் உடைமைகளையும் சோதித்து, நோயில்லை என்று கண்டபின் அனுப்புகின்ற இடம் அது.

இந்திய மண்ணின் நோய் இலங்கைக்கு வராமல் தடுக்க எழுப்பப்பட்ட அதே மண்டபம் முகாமில், 1980களிலிருந்து இலங்கையிலிருந்து ஓடிப்போன எங்கள் மக்கள் குந்தியிருந்தார்கள். மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் படகேறியவர்களுக்கு அதுதான் முதற் கூரை. அங்கே இருந்தவர்கள் பலர் அந்தக் கட்டடங்கள் எதற்காகக் கட்டப்பட்டன என்பதை அறியாதவர்கள்.

வன்னிக்குள் நோயின் வரலாறு என்றால் அது மலேரியாவின் வரலாறு. ஜே. பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைநூலைப் புரட்டுபவர்கள் காய்ச்சலாலும் வரட்சியாலும் தேய்ந்துபோன ஊர்களின் நிலத்தையே காண்பார்கள். 1946 இல் தொடங்கி வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது நுளம்புக்காக. சுவரில் தெளித்த மருந்து தரையிலும் உதிர்ந்தது. மூட்டைப்பூச்சியும் தெள்ளும் சில காலம் அடங்கின என்று பழைய மனிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1963 இல் நாடு முழுவதற்கும் 17 மலேரியா நோயாளர்களே பதிவானார்கள். அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை வன்னியை இறுக்கியபோது மலேரியா மீண்டும் எங்களைப் பிடித்துக்கொண்டது. சவர்க்காரமும் மின்கலமும்கூடத் தடைப்பட்டியலில் இருந்த காலம். மனிதனுக்கே சவர்க்காரம் இல்லாதபோது நாயைக் குளிப்பாட்டுவது யார்? கடலில் இறக்கிக் கழுவினார்கள், வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். அடுப்புச் சாம்பலைக் கொட்டுமிடத்தில் நாய்கள் தாமாகவே போய்ப் படுத்தன. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும் என்பதை நாம் படித்து அறிகிறோம். நாய் உடம்பால் அறிந்திருக்க வேண்டும்.

2008 இன் மாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் 'நிஷா' புயல் வடக்கின் மேல் கொட்டிய மழையில், ஏற்கனவே கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்திருந்தவர்களின் கொட்டில்கள் தண்ணீரில் நின்றன. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சியும் அம்மாதம் 25 இல் முல்லைத்தீவு நகரும் இராணுவத்திடம் வீழ்ந்தன. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், பொக்கணை என்று மக்கள் நகர்ந்துகொண்டே போய், மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் முட்டி நின்றார்கள். எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மீளவில்லை என்ற கணக்கு இன்றும் தீரவில்லை. அதை இந்தக் கட்டுரையால் தீர்க்க முடியாது. தெள்ளைப் பற்றிய கட்டுரை அந்த இடத்தைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதே மரியாதை.

ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். மணலில் பதுங்குகுழி வெட்டினால் சரியும். ஆதலால் சேலைகளைத் தைத்து மண்மூடைகளாக்கி அடுக்கினார்கள். நிழல், ஈரம், வெளியே எரியும் வெயிலிலிருந்து மறைவு, நெருக்கமாக உயிர்கள். குண்டிலிருந்து மனிதனைக் காப்பதற்கு வெட்டிய குழியில் தெள்ளுப் புழுவுக்கு வேண்டிய அத்தனையும் இருந்தன. உள்ளே வந்து படுத்த நாயை வெளியே துரத்த மனம் வரவில்லை என்றும், இரவெல்லாம் கணுக்காலைச் சொறிந்தபடி இருந்தோம் என்றும் உயிர் தப்பியவர்கள் என்னிடம் சொன்னதுண்டு. சொல்லும்போது வெட்கப்பட்டார்கள். அவ்வளவு பெரிய விடயங்களுக்கு நடுவே இதையா சொல்கிறோம் என்ற வெட்கம். நான் குறித்துக்கொண்டேன்.

பின்னர் செட்டிகுளத்து மெனிக்பாம். அங்கே 2009 ஆகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. முள்ளிவாய்க்கால் பகுதிக்கு மக்கள் திரும்ப அனுமதிக்கப்பட்டது மீள்குடியேற்றத்தின் கடைசிக் கட்டங்களில்தான்.

திரும்பியவர்கள் சொன்ன ஒரு கூற்று என்னை நெடுநாள் உறுத்தியது. கூரையில்லாத வீட்டுக்குள் காலடி வைத்த கணத்தில் கணுக்கால் கறுக்கத் தெள்ளு ஏறியதாம். "மூன்று வருசமாய் எங்களுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கு" என்றார் ஒரு மூதாட்டி. கேட்பதற்கு உருக்கமானது. ஆனால் உண்மையாக இருக்க முடியாது. தெள்ளு கூட்டுக்குள் முழு உருவம் பெற்றபின்னும் வெளியே வராமல் காத்திருக்கும் என்பது சரி. காலடி அதிர்வும், உடற்சூடும், மூச்சுக்காற்றும் பட்டவுடன் ஒரேயடியாகப் பாய்ந்து வெளிவரும் என்பதும் சரி. பூட்டிக்கிடந்த வீட்டைத் திறப்பவர்கள் எல்லா நாட்டிலும் கண்ட அனுபவம் அது. எனினும் அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. மிக நல்ல நிலையிலும் ஐந்து, ஆறு மாதங்கள். மூன்று ஆண்டு காத்திருக்கும் தெள்ளு இல்லை.

அப்படியானால் 2012 இலும் 2013 இலும் அந்த வீடுகளில் இருந்த தெள்ளு எங்கிருந்து வந்தது? அதற்குச் சில மாதங்களுக்கு முன்வரை அங்கே இரத்தமுள்ள பிராணிகள் படுத்தெழும்பியிருக்க வேண்டும். நரியாக இருக்கலாம், கீரியாக, மரநாயாக, காட்டுப்பூனையாக இருக்கலாம். நாயாகவும் இருக்கலாம். கைவிட்டு வந்த நாய்கள் எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்திருந்தவர்கள் பலர். அவற்றுள் சில, அல்லது அவற்றின் குட்டிகள், ஆளில்லாத ஊரில் மூன்று மாரியைக் கடந்து, பழைய திண்ணைகளின் நிழலிலேயே குட்டி போட்டு வாழ்ந்திருக்கக்கூடும் என்பதற்கு அந்தத் தெள்ளைவிடச் சாட்சி வேறில்லை. இதை நான் அந்த மூதாட்டியிடம் பின்னொருநாள் சொன்னபோது அவர் தமது நாயின் பெயரைச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

இனி இன்றைய நிலை. பூமி சூடாகிறது, ஆகவே தெள்ளு பெருகும் என்று பத்திரிகைகளில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. குளிர் நாடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அங்கே பனிக்காலம் சுருங்கினால் தெள்ளின் காலம் நீளும். வீடுகளைச் சூடாக்கும் வழக்கத்தால் குளிர்காலத்திலும் அது கம்பளங்களில் வளர்கிறது. அந்தச் செய்தியை அப்படியே மொழிபெயர்த்து முல்லைத்தீவுக்குப் போடுவது சரியாகாது. எங்களுக்குச் சூடு புதிதல்ல. சூடும் வரட்சியும் சேர்ந்தால் அது தெள்ளுக்குப் பகை. இங்கே பார்க்கவேண்டியது மழை. மாரி தள்ளிப்போகிறதா, நீள்கிறதா, கோடையின் நடுவே பருவம் தப்பிய மழை விழுகிறதா என்பதே கேள்வி. காய வேண்டிய மணல் காயாமல் இரண்டு மாதம் கூடுதலாக ஈரமாகக் கிடந்தால் தெள்ளுக்கு இரண்டு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கும்.

வெள்ளம் இன்னொரு வேலையும் செய்கிறது. தாழ்ந்த நிலம் மூழ்கும்போது நாயும் எலியும் மனிதனும் ஒரே மேட்டில் ஒதுங்குகிறார்கள். 2024 நவம்பர் இறுதியில் பெங்கால் புயல் மழைக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. அது தெள்ளால் வந்ததல்ல, எலியின் சிறுநீர் கலந்த நீரால் வந்தது. ஆனாலும் பாடம் ஒன்றே. தெள்ளு கடத்தும் தைபஸ் காய்ச்சல் என்றும் ஒன்றுண்டு, அது எலித்தெள்ளோடு தொடர்புடையது. நாய்த்தெள்ளைப் பொறுத்தவரை குழந்தைகளுக்கு வரக்கூடியது நாடாப்புழு. புழுவின் முட்டையைத் தெள்ளுப் புழு தின்ன, அந்தத் தெள்ளை நாய் கடித்து விழுங்க, நாயோடு விளையாடும் குழந்தையும் அறியாமல் விழுங்க நேரும். குட்டி நாய்களோ தெள்ளு மிகுந்தால் இரத்தம் வற்றியே செத்துவிடும்.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாய்க்கான தெள்ளு மாத்திரை ஒன்றை வாங்குவதென்றால் வன்னியில் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் பழைய முறைகளே இன்னும் நடக்கின்றன. அவை மோசமானவையுமல்ல. நாள்தோறும் முற்றம் கூட்டி வெயில் விழ வைக்கும் வழக்கத்தைச் சுத்தத்தின் அடையாளமாக மட்டும் நாம் எண்ணிவிட்டோம். குப்பையும் சருகும் இல்லாத, வெயில் நேரே விழும் மணலில் தெள்ளுப் புழு உயிர்வாழாது என்பதை மேலே பார்த்தோம். முள்ளிவாய்க்காலில் நான் கடைசியாகப் போன வீட்டில், தை பிறந்ததும் நாய்க்குத் திண்ணை மறுக்கப்படுகிறது. கிணற்றடியிலிருந்து தள்ளி, வெயில் வரும் பக்கமாக ஒரு பழைய சாக்கை விரித்துக் கொடுக்கிறார்கள். வாரம் ஒருமுறை அந்தச் சாக்கைக் கொதிநீரில் அமிழ்த்தி, வேலியில் காயப் போடுகிறார்கள். கச்சான் எழும்பியதும் நாய் மறுபடி திண்ணைக்கு வந்துவிடும்.